வகுத்தல் நைனாவும் சீர்வரிசை பல்பும்

இந்த உலகத்தில் எந்தச் சங்கடம் வந்தாலும் அதை ஒரு வகுத்தல் கணக்கால் தீர்த்துவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் திருக்கழுக்குன்றத்து நைனாதான். சாமி கும்பிடும்போதுகூட அந்த மனுஷன் மனசுக்குள் எதையோ எதாலோ வகுத்துக்கொண்டிருக்கிறார் என்று அவர் சம்சாரமே சொல்லுவார். அப்பா அம்மா அவருக்கு வைத்த பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பெரியவர், சிறியவர், போஸ்ட்மேன் எல்லோருக்கும் அவர் வகுத்தல் நைனா.

பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பஸ் கம்பெனியின் புக்கிங் ஆபீசில் டிக்கெட் கிழிக்க உட்கார்ந்தவன். அப்படியும், மின்சாரத்தைப் பற்றி என் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் திருதிருவென்று விழிக்காமல் நாலு வார்த்தை சொல்ல முடிகிறது. அது நைனாவின் தயவு. அந்த நாலு வார்த்தையை அவரை விட்டுவிட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆகவே அவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஐம்பதுகளில் எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்த புதிது. நைனாதான் வயர்மேன். காக்கி அரைக்கால் சட்டை, காதில் ஒரு பென்சில், சைக்கிள் காரியரில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் சம்சாரத்தின் பழைய புடவையில் சுற்றிய இரண்டு மீட்டர்கள். ஒன்று வோல்ட்டைக் காட்டும், மற்றது ஆம்பியரைக் காட்டும். மேடு பள்ளத்தில் போகும்போது சைக்கிளை விட்டு இறங்கி, பெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போவதுபோல நடப்பார்.

யாராவது வந்து, "நைனா, எங்க வூட்ல லைட்டு எரியல" என்றால் உடனே கிளம்பிவிட மாட்டார்.

"தள்ளு எவ்ளோ? ஓட்டம் எவ்ளோ? அத்த சொல்லு மொதல்ல."

வோல்ட்டுக்கு அவர் வைத்த பெயர் தள்ளு. கம்பிக்குள் இருக்கிற கரண்டைப் பின்னாலிருந்து தள்ளுகிற பலம். ஆம்பியருக்குப் பெயர் ஓட்டம். அந்தத் தள்ளுக்கு எத்தனை கரண்டு ஓடுகிறது என்கிற அளவு. தள்ளை ஓட்டத்தால் வகுத்தால் எதிர்ப்பு வரும், அதை ஓம் என்று சொல்ல வேண்டும். தள்ளையும் ஓட்டத்தையும் பெருக்கினால் வாட்ஸ் வரும். எத்தனை சூடு, எத்தனை வெளிச்சம், எத்தனை வேலை என்று சொல்வது அந்த வாட்ஸ்தான். இவ்வளவுதான் சங்கதி. எட்டாவது படித்த எனக்கே விளங்கியது, உங்களுக்கு விளங்காமலா போகும்?

பஜாரில் இஸ்திரி போடுகிறவர் ஒருவர், கரிப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாகக் கரண்டுப் பெட்டி வாங்கினார். வாங்கிய மறுநாளே நைனாவிடம் ஓடி வந்தார்.

"நைனா, பெட்டி சூடே ஆவல. சுருக்கம் அப்டியே கீது. ஏமாத்திட்டானுங்க."

நைனா போய்ப் பெட்டியை இறக்கி, புடவையைப் பிரித்து, மீட்டர்களை மாட்டினார். தள்ளு இருநூற்று முப்பது வோல்ட். ஓட்டம் இரண்டு ஆம்பியர். காதிலிருந்து பென்சில் இறங்கியது.

"இருநூத்தி முப்பத ரெண்டால வகுத்தா நூத்திப் பதினஞ்சி ஓம். பெருக்குனா நானூத்தி அறுவது வாட்ஸ். பெட்டி மேல இன்னா போட்டுக்கீறான்? நானூத்தி அம்பது. கணக்கு சரியா கீது. பெட்டிக்கு ஒண்ணும் இல்ல."

"கணக்கு சரியா இருந்தா? சூடு இல்லியே நைனா!"

"கணக்கு சொல்லுதுய்யா சூடு கீதுன்னு. வேணும்னா கைய வெச்சிப் பாரு."

இஸ்திரிக்காரர் கையை வைத்துப் பார்த்தார். அந்தக் கூச்சல் தேரடி வரை கேட்டது. நைனா மட்டும் நிதானமாக மீட்டர்களைப் புடவையில் சுற்றிக்கொண்டே, "துணிக்குத் தண்ணி தெளிக்காம தேச்சிகினு கீற. அதான் சுருக்கம் போவல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். (நீங்கள் யாரும் கணக்கைச் சரிபார்க்கக் கையை வைக்க வேண்டாம். மீட்டர் இருக்கிறது.)

மாமல்லபுரத்துப் பக்கக் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு முதல் பஸ்ஸில் வருகிற கோவிந்தம்மாவுக்கும் நைனாவுக்கும் அவர் வீட்டு வாசலில் தினசரி ஒரு சண்டை நடக்கும். அதைக் கேட்கவே நான் ஆபீஸ் கதவைக் கொஞ்சம் தாமதமாகத் திறப்பேன்.

"இன்னா நைனா, காக்கா கம்பி மேல குந்திகினு கீதே, அதுக்கு மட்டும் ஏன் ஷாக் அடிக்கல?"

"அதுக்குத் தள்ளு கீது, ஓடிப் போறதுக்கு வழி இல்ல. நீ தரைல நின்னுகினு தொட்டேன்னு வெய்யி, உன் வழியா பூமிக்கு ஓடிடும்."

"நான் இன்னாத்துக்குத் தொடறேன்? மீன் வாங்கறியா இல்லியா, அத்த சொல்லு."

"நீ தள்ற தள்ளுக்கு நான் நவுர மாட்டேன். என் எதிர்ப்பு அப்டி."

"உன் எதிர்ப்பு தெரியாதா எனக்கு? யக்கா! இங்க வாக்கா, உங்க வூட்டுக்காரரு வேணாம்ன்றாரு!"

உள்ளேயிருந்து சம்சாரத்தின் குரல் ஒரே ஒரு தடவை வரும். "இன்னாய்யா அங்க?" நைனா சட்டி எடுக்க ஓடுவார். கோவிந்தம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். "பாத்தியா அண்ணாத்த ஓட்டத்த?"

இப்படி ஊரே சிரித்துக்கொண்டிருந்த விஷயம் ஒரு வீட்டில் மட்டும் சிரிப்பாக இல்லை. அது நைனாவின் சொந்த வீடு. அவருக்கு ஒரே மகள். ஜெகதா என்று பெயர். நல்ல பெண். பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டு பேரும் பஜ்ஜி சாப்பிட்டார்கள், இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. காரணம் பெண் இல்லை. வந்து உட்கார்ந்தவர்களிடம் நைனா ஊர், உறவு, உத்தியோகம் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, "இருநூத்தி முப்பது வோல்ட்டு, ரெண்டு ஆம்பியர். எதிர்ப்பு எவ்ளோ?" என்று கேட்டார். முதலில் வந்த பையன் வியர்த்துப் போனான். இரண்டாவது பையனின் அப்பா, "இது பொண்ணு பாக்க வந்த எடமா, பரீட்சை எழுத வந்த எடமா?" என்று எழுந்துவிட்டார்.

"ஒம் பொண்ணு தலைல மண்ண அள்ளிப் போடாத. அடுத்த வாட்டி வாயத் தொறந்தே, அந்த ரெண்டு மீட்டரையும் கெணத்துல போட்டுடுவேன்" என்று சம்சாரம் சொன்னதை நாங்கள் தெருவிலிருந்தே கேட்டோம்.

மூன்றாவதாகத் திருப்போரூரிலிருந்து ஒரு அரிசி மில்லுக்காரர் மகனோடு வந்தார். ஆள் பெரிய உருவம், பெரிய மீசை, பெரிய குரல். நைனா வாயை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, காதில் இருந்த பென்சிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேசரி வந்தது, போனது. காப்பி வந்தது. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. இருநூத்தி முப்பது வோல்ட்டு, ரெண்டு ஆம்பியர். எதிர்ப்பு எவ்ளோ?"

சமையற்கட்டில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

மாப்பிள்ளைப் பையன் நிதானமாக யோசித்து, "நானூத்தி அறுவதுங்க" என்றான்.

"அது வாட்ஸு. எதிர்ப்புக்கு வகுக்கணும்" என்று ஒரு குரல் வந்தது. நைனாவின் குரல் இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஜெகதாவின் குரல். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாளாம்.

பையன் கதவைப் பார்த்துச் சிரித்தான். "அப்ப நூத்திப் பதினஞ்சி. நான் பெருக்கிட்டேன்" என்றான். கதவுக்குப் பின்னாலும் ஒரு சிரிப்புக் கேட்டது. மில்லுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்தார். தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

இனி எந்த வம்பும் வராமல் இந்தக் கல்யாணம் நடந்துவிட வேண்டும் என்று அந்தத் தெருவில் வேண்டிக்கொள்ளாதவர் இல்லை. கோவிந்தம்மா தங்கள் குப்பத்து அம்மனுக்கே வேண்டிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், நைனா வீட்டு வாசலில் பந்தல். இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டிய கால்கள். மாப்பிள்ளை தெருமுனையில் திறந்த காரில் மாலையோடு காத்திருந்தார். மேளக்காரர்கள் ஊர்வலத்துக்குத் தயாராக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் சீர்வரிசைத் தட்டுகள் வந்தன. பழம், பூ, புடவை, கற்கண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில், மாப்பிள்ளையின் அத்தை தூக்கி வந்த தாம்பாளத்தில், மஞ்சள் தடவிய அரிசியின் மேல், குங்குமப் பொட்டோடு ஒரு பல்பு உட்கார்ந்திருந்தது.

சும்மா பல்பு இல்லை. இருநூறு வாட்ஸ். மில்லுக்காரர் பட்டணத்துக்கே ஆள் அனுப்பி வாங்கியது. பிஞ்சுச் சுரைக்காய் அளவுக்கு இருந்தது. கோயில் விளக்கில் உபயதாரர் பெயர் எழுதுவோமே, அந்தப் பழக்கப்படி கண்ணாடியைச் சுற்றிச் சிவப்புப் பெயின்ட்டால் 'மாப்பிள்ளை வீட்டார் அன்பளிப்பு' என்று எழுதியிருந்தார்கள். வெளிச்சம் கொஞ்சம் மறைந்தாலும் பெயர் மறையக் கூடாது பாருங்கள்.

"வயர்மேன் வூட்டுக் கல்யாணம். வெளக்கு நம்மளுது பேசணும்ல?" என்றார் மில்லுக்காரர். "ஒரு பக்கம் எங்க பல்பு. இன்னொரு பக்கம் உங்க வூட்டு பல்பு எதனா போடுங்க சம்மந்தி."

நைனா உள்ளே போனார். சமையற்கட்டில் எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். இருபத்தைந்து வாட்ஸ். புகை படிந்து கறுத்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, "எங்களால முடிஞ்சது" என்றார். அத்தை அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். எலுமிச்சம்பழமே அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

இங்கேதான் நைனா, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, வகுக்காமல் ஒரு காரியம் செய்தார்.

வழக்கமாக ஒவ்வொரு பல்புக்கும் மெயினிலிருந்து தனித்தனியாகக் கம்பி இழுப்பார். அன்று அப்படி இழுக்கவில்லை. ஒரே கம்பி வீட்டிலிருந்து வந்து, மாப்பிள்ளை வீட்டுப் பல்புக்குள் நுழைந்து, வெளியே வந்து, பந்தலின் நெற்றியில் ஓடி, பெண் வீட்டுப் பல்புக்குள் நுழைந்து, பிறகு திரும்பி வீட்டுக்குள் போயிற்று. ஏன் இப்படி என்று நான் கேட்டதற்கு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இதுல ஓடற கரண்டே அதுலயும் ஓடணும், புக்கிங் தம்பி. ஒரு சொட்டு ஜாஸ்தி இல்ல, ஒரு சொட்டு கம்மி இல்ல. இங்க அறுந்தா அங்கயும் அணையணும். சம்மந்தம்னா அப்டித்தானே?"

மில்லுக்காரர் மீசையைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருட்டிக்கொண்டு வந்தது. மில்லுக்காரர்தான் சுவிட்சைப் போட வேண்டும் என்றார்கள். நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார். மில்லுக்காரர் மோதிர விரலால் சுவிட்சைத் தட்டினார்.

எலுமிச்சம்பழம் பளிச்சென்று எரிந்தது.

சுரைக்காய் எரியவே இல்லை. உள்ளே இருந்த இழை சிவக்கக்கூட இல்லை. எரியாததால் 'மாப்பிள்ளை வீட்டார் அன்பளிப்பு' என்ற எழுத்து மட்டும், எதிர்ப்பக்கத்து வெளிச்சத்தில், வெகு நன்றாகத் தெரிந்தது.

"இன்னாது இது?" என்றாள் அத்தை. "அவுங்க அடுப்பாண்ட பல்பு எரியுது, நம்ம பல்பு அழுவுது!"

நைனா ஏணியில் ஏறி, பல்பு சரியாக மாட்டவில்லையோ என்று சுரைக்காயைக் கழற்றினார். உடனே எலுமிச்சம்பழமும் அணைந்தது. கூட்டம் 'ஆ' என்றது.

"எரியாத பல்ப கழட்டினா எரியற பல்பு அணையுதுடா! இன்னா சூனியம் இது!"

மறுபடி மாட்டினார். எலுமிச்சம்பழம் எரிந்தது, சுரைக்காய் எரியவில்லை. சரி, பந்தக்காலில்தான் கோளாறு என்று இரண்டையும் இடம் மாற்றினார். இப்போது மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் எரிந்தது. பெண் வீட்டுப் பக்கத்தில் சுரைக்காய் இருண்டு தொங்கியது.

மில்லுக்காரரின் குரல் மேளத்தை நிறுத்தியது. "எந்தப் பக்கம் மாட்டினாலும் உன் பல்பு தான் எரியும், என் பல்பு எரியாதா? பீஸ் போன பல்பக் குட்த்துட்டேன்னு ஊரு சிரிக்கணும், அதானே? கரண்டு வேல தெரிஞ்சவன்னா எங்கள இப்டி நடுத்தெருவுல வெச்சி அவமானம் பண்ணுவியா?"

"இல்ல சம்மந்தி, சத்தியமா..."

"இன்னா இல்ல? இது எப்டி ஆச்சின்னு சொல்லு. சொல்லு! உனுக்குத் தெரியாதா?"

நைனா காதிலிருந்த பென்சிலைத் தேடினார். அது காதிலேயே இருந்தது, அவர் கைக்குத்தான் அகப்படவில்லை. "தள்ளு கீது... ஓட்டமும் கீது..." என்று முணுமுணுத்தார். ஊரில் யார் வீட்டு லைட்டு போனாலும் வகுத்துச் சொல்கிறவர், தன் மகள் கல்யாணத்தில் வகுக்கத் தெரியாமல் நின்றார். கோவிந்தம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"வண்டியத் திருப்பச் சொல்லு" என்றார் மில்லுக்காரர்.

அப்போது வீட்டுக்குள் ஒரு சலசலப்பு. "போவாதடி! கல்யாணப் பொண்ணுடி நீ!" என்று அம்மாவின் குரல். பாதி பின்னிய சடையும் கையில் கோலமாவுக் கிண்ணமுமாக ஜெகதா பந்தலுக்கு வந்து நின்றாள். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் பெண் வாசலுக்கு வருவதாவது! அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஜெகதா யாரையும் பார்க்கவில்லை. அப்பாவை மட்டும் பார்த்தாள்.

"நைனா. தள்ளு எவ்ளோ? ஓட்டம் எவ்ளோ? அத்த சொல்லு மொதல்ல."

அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் நைனாவுக்கு உயிர் வந்தது. பொத்தென்று தரையில் குந்தினார். கோலமாவை அள்ளினார்.

"இருநூறு வாட்ஸு" என்றாள் ஜெகதா. "தள்ளு இருநூத்தி முப்பது. ஓட்டம்?"

"ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் கம்மி."

"எதிர்ப்பு?"

"இருநூத்தி அறுவத்தஞ்சி ஓம், கிட்டத்தட்ட."

"நம்ம பல்பு? இருவத்தஞ்சி வாட்ஸு."

"ஓட்டம் எட்டுல ஒண்ணு. அப்ப எதிர்ப்பு எட்டு மடங்கு. ரெண்டாயிரத்து நூத்திச் சொச்..." நைனாவின் கை மாவோடு நின்றது. பிறகு அந்த மாவுக் கையாலேயே நெற்றியில் பளார் பளாரென்று அடித்துக்கொண்டார். "ஐயய்யோ! சின்ன பல்புக்கு எதிர்ப்பு ஜாஸ்தி! ஒரே கம்பில கோத்துட்டேனே! தள்ளையெல்லாம் அதுவே துன்னுடுச்சே!"

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். பெரிய பல்பு என்றால் எதிர்ப்பும் பெரிது என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படி இல்லை. ஒரே தள்ளுக்கு நிறையக் கரண்டை ஓடவிடுவதால்தான் அது பெரிய பல்பு. அதற்கு எதிர்ப்புக் குறைவு. சின்னப் பல்புதான் கரண்டை முறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டையும் தனித்தனியாகப் போட்டால் இரண்டுக்கும் முழுத் தள்ளு கிடைக்கும், பெரியது பெரிதாக எரியும். ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்தால், தள்ளைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எதிர்ப்பு அதிகமாக உள்ளதற்கே பெரும்பங்கு. சுரைக்காய்க்குக் கணக்குப்படி ஒன்பதில் ஒரு பங்கு. இழை சூடேறாவிட்டால் எதிர்ப்பு இன்னும் இறங்கிவிடும் என்பதால், அந்தப் பங்குகூட அதற்கு வந்து சேரவில்லை.

மில்லுக்காரருக்கு இந்தச் சமாதானம் போதவில்லை. "இன்னாய்யா மாவுல கிறுக்கினு கீறீங்க ரெண்டு பேரும்? என் பல்பு மட்டமா, ஒசத்தியா? அத்த சொல்லு."

ஜெகதா எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

"மாமா, சாமி ஊர்கோலம் வருதுன்னு வெச்சிக்குங்க. அதே ஜனம் தான் தேரடித் தெருவுலயும் போவுது, அப்பறம் சந்துக்குள்ளயும் போவுது. தேரடித் தெரு அகலம். யாரும் யாரையும் இடிக்காம ஹாயா போவாங்க. சந்துல நொழஞ்சாத்தான் நெருக்கம், இடி, வேர்வை, சூடு. பல்புக்குள்ள அந்தச் சூடு தான் வெளிச்சம். உங்க பல்பு தேரடித் தெரு. எங்களுது சந்து."

மில்லுக்காரர் மீசையைத் தடவினார்.

"நாங்க தேரடித் தெருன்ற?"

"ஆமா மாமா."

"அப்ப எரியலன்னாலும் நாம தான் ஒசத்தியா?" என்று கேட்டாள் அத்தை.

"கணக்கு அப்டித்தான் சொல்லுது" என்றார் நைனா, நெற்றி முழுவதும் வெள்ளையாக.

அதற்குள் தெருமுனையில் காத்திருந்த மாப்பிள்ளை, மேளம் நின்றதைக் கேட்டுக் காரிலிருந்து இறங்கி மாலையோடு நடந்தே வந்துவிட்டார். தரையில் கோலமாவுக் கணக்கைப் பார்த்தார். பாதிச் சடையோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். "மாமா, இந்த வாட்டி வகுத்தலா, பெருக்கலா?" என்று கேட்டார். முதலில் சிரித்தது மில்லுக்காரர்தான். அவர் சிரித்தால் பந்தலே குலுங்கும். குலுங்கியது.

"ஒரே கரண்டு ஓடணும்னு ஆசப்பட்டேன் சம்மந்தி. கணக்கு போட மறந்துட்டேன்" என்றார் நைனா.

"அத்த வுடு சம்மந்தி. அதது தனித்தனியா எரியட்டும். லைன் ஒண்ணு தானே?"

தனித்தனியாக இழுக்கக் கம்பி போதவில்லை. நைனா விடுவிடுவென்று உள்ளே போய், தன் வீட்டுக் கூடத்துக்கு ஓடிய கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். உள்ளே பெண்கள் அரிக்கேன் விளக்கைத் தேட, வாசலில் இரண்டாவது தடவையாகச் சுவிட்சு தட்டப்பட்டது. சுரைக்காய் எரிந்தது பாருங்கள், எதிர்வீட்டுக் கோழி கூட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. எலுமிச்சம்பழமும் தன் மூலையில் எப்போதும் போல எரிந்தது.

மேளம் எழும்பியது. எல்லோருக்கும் சந்தோஷம், அத்தையைத் தவிர. கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு பல்பையே பார்த்தாள்.

"இன்னாடா இது, எழுத்து தெரியலியே!"

மறுநாள் கல்யாணம் நன்றாக முடிந்தது. திருப்போரூர் பஸ்ஸில் பெண் மாப்பிள்ளைக்கு முன் சீட்டு நான்தான் போட்டுக் கொடுத்தேன். கிளம்புகிற நேரத்தில் ஜெகதா ஒன்றே ஒன்று கேட்டாள். சமையற்கட்டு பல்பு தனக்கு வேண்டும் என்றாள். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப எங்க பல்பு இங்க இருக்கட்டும். சரிக்குச் சரி" என்று மில்லுக்காரர் பெருந்தன்மையோடு சொன்னார். பஸ் புறப்பட்டபோது நைனா அதன் பின்பக்கத்தில் கையை வைத்தபடி கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். தள்ளுகிறாரா, பிடித்து நிறுத்துகிறாரா என்று தெரியவில்லை.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவர் வீட்டுப் பக்கம் போனேன். தெருவிலேயே கண் கூசியது. நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிற அந்தச் சின்னக் கூடத்தில் 'மாப்பிள்ளை வீட்டார் அன்பளிப்பு' இருநூறு வாட்ஸில் எரிந்துகொண்டிருந்தது. சுவரில் போகிற எறும்பை எண்ணலாம். பல்புக்குக் கீழே, இரண்டு மீட்டர்களையும் மடியில் வைத்துக்கொண்டு, நைனா தனியாக உட்கார்ந்திருந்தார்.

"வா புக்கிங் தம்பி" என்றார். பிறகு, மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு, "ரெண்டு மீட்டரும் மாட்டிப் பாத்துட்டேன். தள்ளு சரியா கீது, ஓட்டம் சரியா கீது. பெருக்கினா இருநூறு வருது. ஆனா முன்ன மாரி வூட்ல வெளிச்சமே இல்லியே தம்பி" என்றார்.

நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஆமாம் நைனா, கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு" என்றேன்.